மனுதாரர் வரவில்லை

புள்ளைங்களா, மொதல்ல அந்தக் கடிதக் கட்ட மேசையில இருந்து எடுத்து அலுமாரிக்குள்ள வைங்க. அது கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா நான் பேச வந்தது பாதியில நின்னுரும். ஓய்வுல போய் ரெண்டு வருசமாச்சு. கடிதக் கட்டப் பாத்தா எனக்கு இன்னும் பயம். சிரிக்காதீங்க. அது ஏன்னு சொல்லத்தான் இந்த மழையில ஹட்டன் கடைத்தெருவுல எறங்கி, முழங்கால் வலியோட இத்தனை படியும் ஏறி வந்திருக்கேன்.

பிரியாவிடை அன்னைக்கு நான் ஒண்ணும் பேசல. கேக் வெட்டிட்டு, "அக்கா, ஒங்க அனுபவத்தச் சொல்லுங்க"ன்னாங்க. பல்லு வலின்னு சொல்லித் தப்பிச்சேன். சொல்லியிருந்தா இதத்தான் சொல்லியிருக்கணும், அதுக்கு வெக்கம் விடல. நேத்து நங்கி கொழும்புல இருந்து போன் பண்ணினா. "அக்கே, புதுசா வந்தவங்க தோட்டத்து மனுதாரர்களுக்குக் கேள்விக்கொத்து அனுப்பப் போறாங்களாம், கவர் எல்லாம் ஒட்டியாச்சாம்"னா. இனியும் வாய மூடிக்கிட்டு இருந்தா அது பாவம்னு கெளம்பிட்டேன்.

தங்கச்சியாட்டம் நங்கின்னு நான் கூப்பிடுறது நம்ம புள்ளிவிவரக்காரியத்தான். சிங்களப் புள்ள, எனக்கு மகள் வயசு. மாசத்துக்கு ரெண்டு தடவ கொழும்புல இருந்து ரயில் ஏறி வருவா. நான் இந்த வேலைக்கு முந்தி கோட்டுல உரைபெயர்ப்பாளரா இருந்தவ. மூணு பாசையும் தண்ணி மாதிரி வரும், சட்டம் தெரியும், எல்லாம் தெரியும்னு ஒரு கொழுப்பு. இந்த வேலையில எனக்குக் குருன்னு ஒருத்தர் இருந்தா அது அந்தச் சின்னப் பொண்ணுதான். அதையும் ஒத்துக்க எனக்கு ரொம்ப நாள் எடுத்துச்சு.

வேலை என்னன்னு ஒங்களுக்குத் தெரியும். உயர் நீதிமன்றத்துக்குப் போன அடிப்படை உரிமை மனுக்கள ஒண்ணொண்ணா வாசிச்சு, ஒரு மனுவுக்கு ஒரு வரின்னு அட்டவணையில ஏத்துறது. எப்பப் போட்டாங்க, யாருக்கு எதிரா, எந்த நீதியரசர்கள் முன்னால வந்துச்சு, விசாரணைக்கு எடுத்தாங்களா, எத்தன தவணை, கடைசியில என்னாச்சு. ஒரு தீர்ப்ப வாசிச்சா அந்த வழக்கோட நியாயம் தெரியும். ஆயிரம் வரிய அடுக்கி வச்சாத்தான் அந்தப் பெரிய கோட்டோட பழக்கவழக்கம் தெரியும். நங்கி வந்த புதுசுல ஒண்ணு சொன்னா. "அக்கே, நீளமான தீர்ப்ப நாடே வாசிக்கும். ஒத்த வரி உத்தரவ யாரும் வாசிக்க மாட்டாங்க. நாம அத வாசிக்கிறதுக்குத்தான் இருக்கோம்." அப்ப நான், இது என்ன பெரிய விசயம்னு தேத்தண்ணி போடப் போயிட்டேன்.

ஒத்த வரியில பல வகை இருக்கு. அதுல ஒண்ணுதான் "மனுதாரர் வரவில்லை, மனு தள்ளுபடி." அஞ்சாறு வருச வரிகள ஏத்தி முடிச்சப்ப, முகவரிப் பத்தியில தோட்டம்னு இருக்கிற மனுக்கள நங்கி தனியாப் பிரிச்சுக் காட்டினா. நம்ம சனத்தோட மனுக்கள் அந்த "வரவில்லை" பெட்டியிலதான் போயிப் போயி விழுந்து கெடந்துச்சு. தோத்துக்கூடப் போகல. வரல்லன்னு முடிஞ்சு போயிருந்துச்சு.

கொழும்புல ஒரு கூட்டத்துல இதக் காட்டினோம். கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனுசர் எழும்பி, "மலைநாட்டு ஆளுங்க கோவத்துல மனுப் போடுறாங்க, கோவம் ஆறினதும் மறந்துர்றாங்க"ன்னு சொன்னாரு. நாலஞ்சு பேரு தலையாட்டினாங்க. எனக்கு உச்சந்தல வரைக்கும் சூடு ஏறிருச்சு. நான் லிந்துலைப் பக்கம் தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல பொறந்து வளந்தவ. எங்க சனம் எதையும் மறக்காதுய்யான்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தல. அவங்க வாயாலேயே கேட்டு எழுதி ஒன் மூஞ்சியில வீசுறேன்னு கருவிக்கிட்டே ஹட்டனுக்கு ரயில் ஏறினேன். கோவத்துல செய்யிற வேலையில நாம ஒண்ணக் கவனிக்காம விடுவோம். நான் விட்டது சின்ன விசயமில்ல.

தள்ளுபடியான மனுதாரர்கள்ல பதினொரு பேருக்குக் கடிதம் எழுதினேன். பத்துக் கடிதம் ஒரே மாதிரி, தட்டச்சு செஞ்சது. பதினோராவது மட்டும் கையால ரெண்டு பக்கம். அது மாரியாயிக்கு. பேர மாத்தித்தான் சொல்றேன், தோட்டத்துப் பேரையும் கேக்காதீங்க.

மாரியாயி கொழுந்து எடுக்கிறவங்க. ஒரு பங்களாவுல நகை களவு போச்சுன்னு அவங்களப் பிடிச்சிட்டுப் போயி, நீதவான் முன்னால கொண்டு போகாம ரெண்டு நாள் பொலிஸ்ல வச்சு அடிச்சிருக்காங்க. நகை அந்தப் பங்களாவுலேயே பீரோ இடுக்குல கெடைச்சிருச்சு. மாரியாயிக்கு எடது கை வெரல் மூணு அதுக்கப்புறம் மடங்கவே இல்ல. கொழுந்து எடுக்கிறவங்களுக்கு ரெண்டு கையும் ஓடணும். அவங்க பெரிய கோட்டுக்குப் போனாங்க. அந்த மனு "வரவில்லை"ன்னு தள்ளுபடியாச்சு. அத மறுபடி எடுக்கச் சொல்லி அவங்களுக்கு அப்புறமாக் கெடச்ச வக்கீல் விண்ணப்பம் போட்டிருந்தாரு. தவணைக்கு இன்னும் மூணு கிழமை.

அந்த வக்கீல் நம்ம மேல நம்பிக்கை வச்சு ஃபைல வாசிக்கக் குடுத்தாரு. அதுல தாக்கல் பண்ணாத ஒரு சத்தியக்கடதாசி இருந்துச்சு. அதக் குடுத்தது லயத்துல பக்கத்துக் காம்பராவுல இருக்கிற செல்வி, கைக்கொழந்தைக்காரி. மாரியாயிக்குப் பொலிஸுக்குச் சோறு கொண்டு போனவ, கம்பிக் கூட்டுக்குள்ள அவங்க கைய மேசையில வச்சு அடிச்சத கண்ணால பாத்திருக்கா. அவ புருசன் டவுன்ல, அதே பொலிஸுக்கு முன்னால இருக்கிற தரிப்பிடத்துல ஓட்டோ ஓட்டுறவன். ஓட்டோவுக்குள்ள ஒரு சின்னப் பொட்டலத்தப் போட்டு, தூள் வித்தான்னு உள்ள தள்ள எத்தன நிமிசம் ஆகும்? தாக்கல் பண்ற நாள் வரைக்கும் செல்வி பேரு வெளிய வரக்கூடாதுன்னு வக்கீல் ஃபைல் அட்டையில செவப்பு மையில எழுதியிருந்தாரு. அந்தச் செவப்பு எழுத்த நானும் வாசிச்சேன்.

வாசிச்சிட்டுத்தான் எழுதினேன். "அன்புள்ள மாரியாயி அக்காவுக்கு, ஒங்க பக்கத்து வீட்டு செல்வி சத்தியக்கடதாசி குடுத்த தைரியத்த நெனச்சா கண்ணு கலங்குது"ன்னு. மனசு இளகினா பேனா ஓடும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மாரியாயிக்கு எழுதுறது மாரியாயி கைக்குத்தானே போகும்னு நெனப்பு. செவ்வாக்கெழமை மத்தியானம் பதினொண்ணையும் தபால் கந்தோர்ல போட்டுட்டு வந்து நிம்மதியா சோறு சாப்பிட்டேன்.

புதன் காலையில நங்கி வந்திருந்தா. அனுப்பின கடிதங்களோட பதிவப் பாத்துக்கிட்டே சிங்களத்துல கேட்டா, "அக்கே, இதுல வீட்டு இலக்கமே இல்லையே. பிரிவு, தோட்டம், ஊர், அவ்வளவுதான். தபால்காரர் எப்படி வீட்டக் கண்டுபிடிப்பாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கொழும்புப் புள்ளைக்கு இது கூடத் தெரியலையேன்னு, "அடியே, லயத்துக்குத் தபால்காரரு வர மாட்டாரு. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபிஸுக்குத்தான் போகும். அங்க கிளாக்கரு பிரிச்சு, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பேரு கூப்பிட்டு..."

அப்படியே நிறுத்திட்டேன். அவ என்னப் பாத்தா, நான் அவளப் பாத்தேன்.

எங்கப்பாவுக்கு வந்த கடிதமெல்லாம் அப்படித்தான் வந்துச்சு. பிரிச்சு வந்திருக்கும், ரெண்டு மாசம் கழிச்சு வந்திருக்கும், வராமலும் போயிருக்கும். அது எனக்குத் தெரியாததா? முப்பது வருசமா டவுன்ல இலக்கம் போட்ட வீட்டுல இருந்துட்டேன். கதவுக்கு அடியில கடிதம் வந்து விழுந்து விழுந்து, கடிதம்னா அப்படித்தான் வரும்னு ஆயிருச்சு. அந்த முகவரிய நானே எத்தனையோ தடவ அட்டவணையில தட்டியிருக்கேன். ஒரு தடவ கூட அதுல வீடு இல்லைங்கிறது கண்ணுல படல. கொழும்புப் புள்ளைக்குப் பட்டுச்சு.

"அப்ப கோட்டுல இருந்து வர்ற நோட்டிஸும் அந்த ஆபிஸுக்குத்தான் போகுமா?"ன்னு நங்கி மெதுவாக் கேட்டா.

அதுதான் விடை. அந்தப் பெட்டி ஏன் நெறஞ்சு கெடக்குதுன்னு நாங்க தேடிக்கிட்டு இருந்த விடை. ஆனா அதக் கேட்டு எனக்குச் சந்தோசம் வரல. ஏன்னா மாரியாயியோட ஃபைல்ல இன்னொண்ணும் இருந்துச்சு. அவங்கள அடிச்ச அன்னைக்கு, அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரு பொலிஸுல உக்காந்து தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாருன்னு அவங்களே சொல்லியிருந்தாங்க. அவங்கள அடிச்ச பொலிஸ்காரரும் அவரும் ஒண்ணா வொலிபோல் ஆடுறவங்க. அந்த மனுசன் கையிலதான், இவ்வளவு நாளா மறைச்சு வச்ச ஒரு பேர, என் கையெழுத்துல எழுதி, முத்திரையும் ஒட்டி நான் அனுப்பியிருக்கேன்.

ஒளிக்காம சொல்றேன், கேட்டுக்கங்க. மொதல் அரை மணி நேரம் நான் செல்விய நெனக்கல. என் வேலைய நெனச்சேன். வக்கீலுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரு, இந்த ஆபிஸ் பேரு என்னாகும், நான் எங்க மூஞ்சிய வச்சுக்குவேன். நம்ம மேலதிகாரிக்குப் போன் எடுத்தேன். அவரு கோட்டுக்குள்ள இருந்தாரு, போன் அணைச்சிருந்துச்சு. அந்த ஊர்த் தபால் கந்தோருக்குப் பேசி, தோட்டத்துத் தபால் பையில இருந்து கடிதத்த எடுத்து வைக்கச் சொல்லலாமான்னு யோசிச்சேன். யாருக்கு வந்த கடிதம், ஏன் நிறுத்தணும்னு கேப்பாங்களே. அந்தத் தோட்டத்துக் கடைத்தெரு ஒரு முழம் நீளம், மத்தியானத்துக்குள்ள பொலிஸ் வரைக்கும் போயிரும்.

நான் போனக் கையில எடுக்கிறதும் வைக்கிறதுமா இருந்தேன். நங்கி என் மணிக்கட்டப் பிடிச்சா. "அக்கே, கடிதத்தத் தொரத்தாதீங்க. அது போயிருச்சு. மொதல்ல செல்வியப் போய்ப் பாருங்க. கடிதம் அங்க வர்றதுக்கு முந்தி அவளுக்கு விசயம் தெரியணும். மத்தது அப்புறம்."

அவ்வளவு படிச்சவ அவ, அன்னைக்கு அட்டவணை பத்தி ஒரு வார்த்தை பேசல. அத நான் மறக்கல.

தலவாக்கலையில பஸ் மாறி, லிந்துலை தாண்டிப் போற சின்ன பஸ்ஸுல ஏறினேன். பனி எறங்கி ஜன்னல் கண்ணாடி வெள்ளையா இருந்துச்சு. அந்தக் கடைத்தெருவுல பஸ் நின்னுச்சு. தபால் கந்தோர்ல இருந்து காக்கிக் களிசான் போட்ட ஒருத்தர் படியெறங்கி வந்தாரு. தோள்ல ஒரு பை. பையில வெள்ளப் பெயின்டுல தோட்டத்துப் பேரு. நேரா வந்து நான் இருந்த பஸ்ஸுல ஏறி, எனக்கு முன் ஆசனத்துல உக்காந்து, பைய மடியில வச்சாரு.

மாதாவேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். என் கடிதம் எனக்கு ஒரு முழம் தூரத்துல இருக்கு. பைக்கு ஒரு பித்தளப் பூட்டு. அந்தப் பூட்டுக்குச் சாவி ஒண்ணு தபால் கந்தோர்ல, இன்னொண்ணு தோட்டத்து ஆபிஸ்ல. கொண்டு போற ஆளுக்கும் சாவி இல்ல, கடிதம் வர்ற சனத்துக்கும் சாவி இல்ல. ஒரு நிமிசம் அந்தப் பையப் பிடுங்கிக்கிட்டுக் குதிச்சிரலாமான்னு கூட நெனச்சேன். இந்த முழங்காலோட எங்க குதிக்கிறது? பயந்தா மனுசனுக்குப் புத்தி எப்படியெல்லாம் போகுது பாருங்க.

"அண்ணே"ன்னு என்னையறியாம வாய் தொறந்துருச்சு.

அவரு திரும்பினாரு. நல்ல முகம், வெத்தில போட்ட வாய். "என்னங்கம்மா?"

கேட்டுரலாமா? கேட்டா அவருக்குத் தெரிஞ்சிரும். நாளைக்கு யாராச்சும் விசாரிச்சா அந்த மனுசனுக்கும் வேலை போயிரும். எனக்குப் பயம்னு இன்னொரு ஆளையும் கெணத்துக்குள்ள இழுக்கப் பாத்தேன். பேச்ச மாத்தினேன்.

"மேப்பிரிவு மாதா கோயிலுக்கு எங்க எறங்கணும்?"

"யாரு வீட்டுக்கு வந்தீங்க?"

"வீட்டுக்கில்லண்ணே. நேர்த்தி."

"அப்ப என்கூட எறங்குங்க. ஆபிஸ்ல பையக் குடுத்துட்டு நானும் அந்தப் பக்கம்தான் போறேன். கூட்டிட்டுப் போறேன், வாங்க."

ஆபிஸ் வாசல்ல என்னப் பாத்தா முடிஞ்சுச்சு. முழங்கால் வலி, மெதுவாத்தான் நடப்பேன், நீங்க போங்கண்ணேன்னு கெஞ்சாத குறையாச் சொல்லி அனுப்பினேன். அவரு வெறுவெறுன்னு ஆபிஸ் பக்கம் நடந்தாரு. பை அவரு முதுகுல ஆடிக்கிட்டே போனது எனக்கு இன்னும் தெரியுது.

மத்தியானம் கைக்கொழந்தைக்காரங்க எங்க வருவாங்கன்னு எனக்குத் தெரியும். லயத்துல பொறந்தது அன்னைக்கு அதுக்காவது ஒதவுச்சு. மலையில இருந்து நேரா புள்ளைக் காம்பராவுக்குத்தான் பால் குடுக்க எறங்குவாங்க. அதுக்குக் கீழ, பாதை திரும்புற எடத்துல நின்னேன். கூடையோட வந்த ஒருத்திக்கிட்ட செல்வி யாருன்னு கேக்கவும் பயம். ஒருத்தி மாரியாயி அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு வந்தா. கூப்பிட்ட அக்காவுக்கு எடது கை மார்போட ஒட்டி இருந்துச்சு. கூப்பிட்டவதான் செல்வி, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தாங்க.

நான் யாருன்னு சொன்னேன். வக்கீல் பேரச் சொன்னேன். அப்புறம் சொன்னேன், "செல்வி, ஒம் பேர நான் ஒரு கடிதத்துல எழுதிட்டேன். அது இப்ப ஆபிஸுல இருக்கு."

கூடையத் தோள்ல இருந்து எறக்கி வச்சா. மூஞ்சியில ரத்தமே இல்ல. சின்னப் புள்ள, இருவத்தஞ்சு இருவத்தாறு வயசு இருக்கும்.

"படிச்சவங்கதானே நீங்க"ன்னா.

திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அந்த ரெண்டு வார்த்த இன்னைக்கும் என்னைத் தூங்க விடுறதில்ல. மன்னிப்புக் கேக்க வாயெடுத்தேன். "அது அப்புறம். கடிதம் யாரு பேருக்கு?"ன்னா.

"மாரியாயி அக்கா பேருக்கு."

"பிரிச்சிருப்பாரா?"

"பை இப்பத்தான் போயிருக்கு. பகல் சாப்பாட்டுக்கு முந்தி பிரிப்பாங்களா?"

மாரியாயி அக்கா அப்பத்தான் வாயத் தொறந்தாங்க. "பின்னேரந்தான் பிரிச்சு அடுக்குவாரு. நாளைக்குப் பெரட்டுலதான் குடுப்பாரு, குடுத்தா."

"அக்கா, அது ஒங்க பேருல வந்த கடிதம். இப்பப் போய்க் கேட்டா குடுக்கணும். குடுக்காம இருக்க அவருக்கு அதிகாரம் இல்ல"ன்னேன்.

அவங்க என்னப் பாத்த பார்வ இருக்கே. "ஆபிஸுக்குப் போயா? நானா?" எடது கைய வலது கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. "கூப்பிடாம நாங்க அந்தப் படி ஏறுனதில்லைங்க. ஏறினா தொரையும் கிளாக்கரும் என்ன நெனப்பாங்க?"

யோசிச்சுப் பாருங்க. பொலிஸுக்கு எதிரா நாட்டுலேயே பெரிய கோட்டுக்குப் போன மனுசி. அந்த ஆபிஸ் மூணு படி ஏறிக் கடிதம் கேக்க நடுங்குறாங்க. எனக்கு அது புரிஞ்சுச்சு. எங்கப்பாவும் ஏறினதில்ல. பெரிய கோட்டு நீதியரசர்களுக்கு இவங்க மூஞ்சி தெரியாது, அங்க போகலாம். கிளாக்கருக்குத் தெரியும், நாளைக்குக் காலையில பேரு கூப்பிடப் போறது அவருதான். நம்ம அட்டவணையில எந்தப் பத்தியில நான் இத எழுதியிருக்கேன்? ஒண்ணுலயும் இல்ல.

நானே போறேன்னு சொன்னேன். செல்வி என் கையப் பிடிச்சு நிறுத்தினா. "நீங்க போனா எல்லாம் முடிஞ்சிரும். டவுன்காரங்க வந்து கேக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்குன்னு பிரிப்பாங்க. நீங்க இங்கேயே இருங்க." அப்புறம் மாரியாயி அக்காகிட்ட, "வாங்கக்கா. கை வலிக்கு டிஸ்பென்சரிச் சீட்டு வாங்க வந்தோம், அப்படியே கடிதம் இருந்தா குடுங்கன்னு கேப்போம். நான் ஒங்க பின்னால நிக்கிறேன்."

பதறாத காரியம் சிதறாதும்பாங்க. பதறினது நான், சிதறாமப் பாத்துக்கிட்டது அவ. அந்தப் பேரு வெளிய வந்தா சாகப் போறது அவ குடும்பம், அந்த ஆபிஸ் படியில போய் நிக்கப் போறதும் அவதான்.

நான் புள்ளைக் காம்பராவுக்குக் கீழ ஒரு கல்லுல உக்காந்திருந்தேன். மழை தூறிச்சு, கொடைய விரிக்கக் கூடத் தோணல. மேல கொழந்தைங்க அழுத சத்தம் கேட்டுச்சு, அதுல ஒண்ணு செல்வி கொழந்த. ஜெபமாலைய உருட்டினேன், எந்த மணியில நிக்கிறேன்னு தெரியல. கீழ ரோட்டுல ஓட்டோ சத்தம் கேக்குற நேரமெல்லாம் பொலிஸ்தான்னு எழும்பி எழும்பி உக்காந்தேன். அப்படி ஒரு பயத்த நான் அதுக்கு முந்தியும் பட்டதில்ல, பின்னாலயும் பட்டதில்ல. எனக்காகப் பயப்பட்டா ஓடி ஒளியலாம். இன்னொருத்திய மாட்டி வச்சுட்டுப் பயந்தா ஓடுறதுக்கு எடமே கெடையாது.

ரெண்டு பேரும் திரும்பி வந்தப்ப மாரியாயி அக்கா முந்தானைக்குள்ள எதையோ மறைச்சுக்கிட்டு வந்தாங்க. பாதை திரும்பினதும் எடுத்து என் மடியில போட்டாங்க.

ஒரு கடிதம் இல்ல. ஒரு கட்டு. ரப்பர் பேண்ட் போட்ட கட்டு.

மேல இருந்தது என்னோடது. அதுக்குக் கீழ வக்கீல் எழுதினது ரெண்டு. அதுக்குக் கீழ அரசாங்க முத்திரை குத்தின நீளக் கவர், ஒண்ணு இல்ல, மூணு. உயர் நீதிமன்றத்துப் பதிவாளர்கிட்ட இருந்து வந்தது. இந்தத் தேதிக்கு ஆஜராகணும், இந்தத் தேதிக்கு ஆஜராகணும், வரல்லன்னா மனு தள்ளுபடியாகும். தேதியெல்லாம் எப்பவோ போயிருச்சு.

"கேட்டோம். மேசை லாச்சியத் தொறந்து எடுத்துக் குடுத்தாரு"ன்னாங்க மாரியாயி அக்கா. "இவ்வளவு நாளா ஏங்கய்யா குடுக்கலன்னு கேட்டேன். நீங்க வந்து கேக்கலையேன்னாரு." சொல்லிட்டு அவங்க அழுதாங்க. பொலிஸுல அடிச்சதச் சொல்லும் போது கூட அவங்க அழலன்னு வக்கீல் பிறகு சொன்னாரு.

நான் என் கவரத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒட்டித்தான் இருந்துச்சு. ஒரு ஓரம் மட்டும் லேசாத் தூக்கியிருந்துச்சு. நம்ம ஊரு ஈரத்துல எந்தக் கவருதான் ஒழுங்கா ஒட்டியிருக்கு? பிரிச்சாங்களா, பிரிக்கலையா? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. செல்வியும் அந்த ஓரத்தப் பாத்தா. உள்ள போயி கொழந்தையத் தூக்கிட்டு வந்தா.

அடுத்த கிழமையே அவ கொழந்தையோட பூண்டுலோயாவுல அக்கா வீட்டுக்குப் போயிட்டா. புருசன் ஓட்டோவ அந்தத் தரிப்பிடத்துல இருந்து எடுத்துட்டான். தோட்டத்துல அவ பேர வெட்டிட்டாங்க. கவரப் பிரிச்சாங்களோ இல்லையோ, அவ வேலையும் வீடும் போனதுக்குக் காரணம் நான்தான். கடிதத்த வாங்கின அன்னைக்கே வக்கீல்கிட்டயும் நம்ம மேலதிகாரிகிட்டயும் போய் எல்லாத்தையும் சொன்னேன். வக்கீல் அந்தக் கட்ட வாங்கிக்கிட்டாரு. அந்த மூணு கவரையும் கோட்டுல காட்டித்தான் மனுவ மறுபடி எடுத்தாங்க. தவணை அன்னைக்கு மாரியாயி அக்கா கொழும்புக்குப் போயி நின்னாங்க. "மனுதாரர் ஆஜர்"னு அந்த வரிய நான்தான் தட்டினேன். செல்வியோட சத்தியக்கடதாசியும் தாக்கலாச்சு, அவ பின்வாங்கல. தீர்ப்பு இன்னும் வரல. அந்த வரியில கடைசிப் பெட்டி காலியாத்தான் இருக்கு, போய்ப் பாருங்க.

அட்டவணையில "கடிதம் கைக்குக் கெடச்சதா"ன்னு ஒரு பத்தி இருக்கே, அது எதுக்குன்னு போன மாசம் ஒங்கள்ல யாரோ நங்கிகிட்ட கேட்டீங்களாம். எல்லா வரியிலயும் "தெரியாது"ன்னுதானே இருக்கு, எடுத்துரலாமேன்னு. எடுக்காதீங்க. அந்தத் "தெரியாது"வப் போடத்தான் எனக்கு இவ்வளவு ஆச்சு.

கடிதம் வேணாம், போன்லயே கேட்டுரலாம்னு ஒங்கள்ல ஒருத்தருக்குத் தோணும். அந்தப் போன் யாரு கையில இருக்கு? புருசன் கையிலயா, மகன் கையிலயா? செய்தி வந்த சத்தம் கேட்டு மொதல்ல யாரு எடுத்துப் பாப்பாங்க? அதுக்கு பதில் தெரிஞ்சாத்தான் ஒரு எழுத்தாவது அனுப்பணும். தெரியலன்னா கையக் கட்டிக்கிட்டு இருங்க.

ஓய்வுல போறதுக்குக் கொஞ்சம் முந்தி தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுல செல்வியப் பாத்தேன். கொழந்த வளந்து அவ கையப் பிடிச்சுக்கிட்டு நடந்துச்சு. பாத்தும் பாக்காத மாதிரிப் போயிருவாளோன்னு பயந்தேன், போயிருந்தா நியாயம். அவ நின்னா. நல்லா இருக்கீங்களான்னு கேட்டா. வழக்குல ஏதாச்சும் நடந்தா ஒனக்கு எப்படிச் சொல்றது, முகவரி குடு, எழுதுறேன்னு கேட்டுட்டேன். கேட்டப்புறந்தான் என்ன கேட்டேன்னு எனக்கே ஒறைச்சுச்சு.

அவ கோவப்படல. கொழந்தையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா.

"எழுதாதீங்க"ன்னா. "வாங்க."

அந்த அலுமாரிச் சாவிய இப்படிக் குடுங்க. கவர் இங்கேயே இருக்கட்டும். லிந்துலை பஸ் ஒம்பதரைக்கு, யாரு என்கூட வாறீங்க?